பாப்பா பேரில் போட்ட பணம்

வங்கி அதிகாரி நல்ல பெண்மணி. குரலை உயர்த்தவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை, "அடுத்த வாரம் வாங்க" என்று தட்டிக்கழிக்கவும் இல்லை. எதிரே இருந்த நாற்காலியில் மெக்கானிக்கை உட்காரவைத்து, கணினித் திரையை அவர் பக்கமாகவே திருப்பிக் காட்டினார். அதனால் மெக்கானிக்குக் கோபப்படக்கூட ஆள் கிடைக்கவில்லை.

"ஐயா, இந்த டெபாசிட் உங்க பொண்ணு பேர்ல இருக்கு."

"தெரியும்மா. போட்டதே நான்தான். காப்பாளர்னு என் கையெழுத்து இருக்கு பாருங்க."

"இருக்கு. அது அவங்க மைனரா இருந்தப்போ போட்டது. பதினெட்டு முடிஞ்ச அன்னிக்கே உங்க கையெழுத்துக்கு இங்க மதிப்பு போயிடுச்சு. இப்போ அவங்கதான் போடணும்."

மெக்கானிக் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். இருபத்து மூன்று வயதுப் பாப்பா, மேஜையில் சுருள் கயிற்றால் கட்டியிருந்த பேனாவை இழுத்து இழுத்து விட்டு, அது துள்ளி ஓடுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வெளியேயும் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். உடம்பு வளர்ந்துவிட்டது, மனசு நாலு வயதில் நின்றுகொண்டது. பேனாவால் அவளுக்குப் போடத் தெரிந்தது வட்டம் மட்டும். நல்ல வட்டமாகப் போடுவாள்.

"நான் கையைப் பிடிச்சுப் போடவெக்கட்டுமாம்மா?"

"வேணாங்கையா. இன்னிக்கு நீங்க பிடிச்சுப் போடவெச்சதை நான் ஒத்துக்கிட்டா, நாளைக்கு வேற யாரோ அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு வருவாங்க. அதையும் ஒத்துக்கணும். இந்த விதி அவங்களைக் காப்பாத்தறதுக்குத்தான் இருக்கு."

மெக்கானிக்குப் புரிந்த பேச்சு அது. அவர் லிஃப்ட் மெக்கானிக். முப்பது வருஷமாகக் கம்பியும் கப்பியும் பிரேக்கும் பார்த்தவர். கதவு முழுதாகச் சாத்தாவிட்டால் பெட்டி நகரக் கூடாது என்று ஒரு பூட்டு இருக்கும். உள்ளே இருப்பவர் அவசரக்காரரா, கர்ப்பிணியா என்றெல்லாம் அந்தப் பூட்டு பார்க்காது. பார்க்காமல் இருப்பதுதான் அதன் நல்ல குணம். அப்படி ஒரு பூட்டு தன் மகளின் பணத்தில் ஐந்து வருஷமாக விழுந்து கிடந்திருக்கிறது. தனக்குத்தான் சத்தம் கேட்கவில்லை.

"அப்போ யார்தாம்மா எடுக்கலாம்?"

"கோர்ட் ஒருத்தரைக் காப்பாளரா நியமிக்கணும். அந்த உத்தரவோட வாங்க, அன்னிக்கே முடிச்சுத் தரேன்."

"ரொம்ப நாள் ஆகுமா?"

அந்த அம்மாள், பாப்பா இழுத்துக் கோணலாக்கியிருந்த பேனாத் தாங்கியை நேராக்கி வைத்தார்.

நாள் என்பதுதான் மெக்கானிக்கிடம் இல்லாதிருந்த சரக்கு. கணையத்தில் கட்டி என்று கண்டுபிடித்தபோதே அது ஈரலுக்கும் பரவியிருந்தது. மருத்துவர் சுற்றிவளைத்துப் பேசிக்கொண்டிருக்க, இவரே கேட்டார்: "சார், ஒரு கம்பி எவ்வளவு நாள் ஓடும்னு கேட்டா நான் உத்தேசமா சொல்லிடுவேன். நீங்களும் சொல்லுங்க." "இந்த வருஷம் முடியறதுக்குள்ள செய்ய வேண்டியதைச் செஞ்சிடுங்க" என்றார் மருத்துவர்.

செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. தனக்குப் பிறகு பாப்பா எங்கே இருப்பாள்?

அதற்கும் ஓர் இடம் கிடைத்திருந்தது. ஆச்சரியம் அதுதான். பாப்பாவைப் போன்றவர்கள் கடைசிவரை தங்கியிருக்கும் இல்லம் ஒன்று. முதலில் ஒரு வாரம் இருந்து பார்க்கச் சொல்வார்கள். பாப்பா இருந்து பார்த்தாள். துணிமணிகளை மடித்து அடுக்கும் அறையில் கைக்குட்டைகள் அவள் பொறுப்பு. சாப்பாட்டு வேளைக்கு மணி அடிக்கும் உரிமையை அங்கிருந்த பொறுப்பாளரம்மா அவளுக்கே கொடுத்துவிட்டார். கூட்டிவர அப்பா போனபோது, பாப்பா அவரைப் பார்த்துக் கையசைத்துவிட்டு மறுபடியும் கைக்குட்டை மடிக்கப் போய்விட்டாள். மெக்கானிக் வாசலில் நின்று வாய்விட்டுச் சிரித்தார். உடம்பு சரியில்லாமல் போன பிறகு அவர் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஜன்னலோரம் ஒரு கட்டில் காலியாக இருந்தது. முன்பணம் முழுவதையும் மாதக் கடைசிக்குள் கட்டினால் பாப்பாவுக்கு. இல்லாவிட்டால் வரிசையில் அடுத்து நிற்பவருக்கு. பணத்துக்கென்ன, பாப்பா பேரில் கல்லு மாதிரி இருக்கிறதே என்று சொல்லிவிட்டுத்தான் அவர் வங்கிக்கு வந்தார்.

வங்கியிலிருந்து நேராக ஆடிட்டரிடம் போனார். ஆடிட்டர் அவருக்கு வெறும் ஆடிட்டர் இல்லை. ஒருநாள் அவர் தன் அலுவலகக் கட்டடத்தின் லிஃப்டில் மாட்டிக்கொண்டபோது, மெக்கானிக் மேலே இருந்து பேச்சுக்கொடுத்துக்கொண்டே இறக்கிவிட்டார். உள்ளே இருந்தவருக்கு இருட்டென்றால் பயம். அதை மெக்கானிக் வெளியில் யாரிடமும் சொல்லவில்லை. அன்றுமுதல் மெக்கானிக்கின் வரிக்கணக்கு ஆடிட்டர் பொறுப்பு. 'காசு வேண்டாம்' என்பார் ஆடிட்டர், 'வாங்கித்தான் ஆக வேண்டும்' என்பார் மெக்கானிக், பாதியில் முடியும்.

பல வருஷங்களுக்கு முன்பு பாப்பாவின் அம்மா, வேலைசெய்த ஆலையில் கொதிகலன் வெடித்து இறந்தபோது நஷ்டஈடு வந்தது. பணம் வந்த வீட்டுக்கு ஆள் வருவதற்குக் கேட்கவா வேண்டும்? இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர் இனிப்போடு வந்தார். பங்குச் சந்தை புரோக்கர் ஒருவர் போன வருஷம் எது எவ்வளவு ஏறியது என்று விரலால் காற்றில் கோடு போட்டுக் காட்டினார். மெக்கானிக் இருவரையும் அனுப்பிவிட்டார். தனக்குத் தெரிந்தவர்களில் ஒரு பைசா ஏமாற்றாதவர் யார் என்று யோசித்தார். ஆடிட்டர். சந்தேகமே இல்லை. அவரிடம் போய், "சார், இதை எங்க போடட்டும்?" என்று கேட்டார்.

ஆடிட்டர் நாலு நாள் யோசித்து, சட்டப் புத்தகத்தைப் புரட்டி, தங்கமான வழி ஒன்றைக் கண்டுபிடித்தார். இப்படிப்பட்ட பிள்ளையின் பேரில் போட்டால் வட்டிக்கு வரியே கிடையாது. தகப்பன் பேரில் போட்டால் வருஷாவருஷம் கணிசமாகப் போகும். பாப்பா பேரில் போட்டார்கள். ஒரு காசு வரி போகவில்லை. வருஷாவருஷம் கணக்கு சரியாக இருந்தது.

நேர்மையான ஆளைத் தேடியதில் மெக்கானிக்கிடம் பிழை இல்லை. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது யாருடைய தொழில் என்று மட்டும் அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை.

இப்போது ஆடிட்டர் வங்கியில் நடந்தது எல்லாவற்றையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். நடுவில் ஒருமுறை பாப்பாவுக்கு பிஸ்கட் எடுத்துக் கொடுத்தார்.

"அவளுக்குப் பதினெட்டு ஆனது எனக்குத் தெரியும்" என்றார் கடைசியில். "அந்த வருஷம் கணக்குல மைனர்னு இருந்ததை நானேதான் மாத்தினேன். மாத்திட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிட்டேன்."

"நீங்க என்ன சார் பண்ணுவீங்க."

"வரி எவ்வளவுன்னு பாத்தேன். இந்தப் பணம் எப்போ வேணும், யார் எடுப்பாங்கன்னு நான் கேக்கவே இல்ல. கேக்கற பழக்கமும் எனக்கு இல்ல. என் மேஜைக்கு வர்றதெல்லாம் முடிஞ்சுபோன வருஷம். அன்னிக்கு நீங்க கேட்டப்போ, இது என் வேலை இல்லன்னு சொல்லியிருக்கணும். என்னை நம்பி வந்து நிக்கிறீங்க, எப்படிச் சொல்றதுன்னு இருந்துச்சு."

மெக்கானிக்குத் திட்டத்தான் ஆசை. ஆனால் கேட்டது வேறு. "எதிர்த்த கட்டடத்துல ஒரு அம்மா இருந்தாங்களே சார், நிதி ஆலோசகர்னு போர்டு போட்டு, இன்னும் இருக்காங்களா?"

"இருக்காங்க. ஏன்?"

"அந்தச் சமயத்துல அவங்க வாசல் வரைக்கும் போனேன். ஆலோசனைக்குக் கட்டணம்னு எழுதியிருந்துச்சு. பேசறதுக்குக் காசான்னு திரும்பி வந்துட்டேன்."

மறுநாள் அந்த ஆலோசகரிடம் மெக்கானிக் தன் தங்கையோடு போனார். தங்கை மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலைசெய்பவள். ஈரப் போர்வைகளைத் தூக்கித் தூக்கித் தோள் அகன்றவள். வாயும் அதற்கேற்ற அகலம். படிக்கட்டில் ஏறும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏண்ணா, லிஃப்ட் ஓடுதா ஓடலையான்னு வந்து எட்டிப் பாக்கறதுக்கே நீ காசு வாங்குவ. அவங்க மட்டும் ஓசியில பேசணுமா?"

"இப்போ அதைச் சொல்லிக் காட்டணுமா?"

"வேற எப்போ சொல்றதாம்? நீதான் அவசரமாக் கெளம்பறியே." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. படியிலேயே நின்றுவிட்டாள். மெக்கானிக் அவள் தலையில் லேசாகத் தட்டி, "நட, மூச்சு வாங்குது எனக்கு" என்றார்.

ஆலோசகர் நரைத்த தலையோடு, பள்ளிக்கூட ஆசிரியை போல இருந்தார். அறையில் ஒரு மேஜை, ஒரு வெள்ளைப் பலகை, அவ்வளவுதான். கேட்டு முடித்ததும் அவர் முதலில் சொன்னது, "உங்க ஆடிட்டர் மேல கோபப்படாதீங்க" என்பதுதான்.

"கோபமில்லம்மா. ஆனா எனக்குப் புரியணும். நான் எந்த இடத்துல தப்பு பண்ணேன்?"

அந்தக் கேள்வி ஆலோசகருக்குப் பிடித்திருந்தது. எழுந்து பலகை அருகே போனார்; ஆனால் எதுவும் எழுதாமல் பேசினார்.

"ஏஜென்ட்டுன்னா கடைக்காரர். அவர் கடையில உள்ளதைத்தான் காட்டுவார். அது நல்ல பொருளாவே இருக்கலாம். ஆனா உங்களுக்குத் தேவையானது பக்கத்துக் கடையில இருந்தா அவர் ஏன் சொல்லப்போறார்? புரோக்கர், நீங்க வாங்குன்னா வாங்குவார், வில்லுன்னா வித்துடுவார். ரெண்டுக்கும் அவருக்கு ஒரு பங்கு. ஆடிட்டர் நடந்து முடிஞ்சதை சுத்தமா எழுதித் தருவார்."

"அப்போ நீங்க?" என்றாள் தங்கை.

"நான் எதையும் விக்கிறதில்ல. அதனாலதான் பேசறதுக்குக் காசு வாங்கறேன். வாசல்ல அதைப் பாத்துட்டே நெறைய பேர் திரும்பிடுவாங்க."

"எங்கண்ணனைத்தான சொல்றீங்க?"

"பொதுவாச் சொன்னேன்" என்று ஆலோசகர் சிரித்தார். மெக்கானிக்கும் சிரித்தார். பிறகு ஆலோசகர் உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னார். "அன்னிக்கு நீங்க உள்ள வந்திருந்தா நான் மூணு கேள்வி கேட்டிருப்பேன். பணம் யாருக்கு? எப்போ வேணும்? அப்போ யார் கையெழுத்துப் போடுவாங்க? மூணாவதுக்கு உங்ககிட்ட பதில் இருந்திருக்காது. வக்கீல்கிட்ட அனுப்பியிருப்பேன். அவர் ஒரு டிரஸ்ட் எழுதியிருப்பார். பணம் பாப்பாவோடது, சாவி உங்ககிட்ட, உங்களுக்கு அப்புறம் உங்க தங்கச்சிகிட்ட. வரி கொஞ்சம் போயிருக்கும். ஆனா இன்னிக்குக் கதவு திறந்திருக்கும்."

"இப்போ?"

"இப்போ இது என் வேலையே இல்லீங்க. வக்கீல் வேலை. காப்பாளர் மனுவுல உங்க பேரைப் போடாதீங்க, தங்கச்சி பேரைப் போடுங்க. உங்க பேர்ல உத்தரவு வாங்கினா..."



"மறுபடியும் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். புரியுது" என்றார் மெக்கானிக்.

கிளம்பும்போது கட்டணத்தை எடுத்து வைத்தார். ஆலோசகர் மறுக்காமல் வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் மெக்கானிக்கு அது தாங்கியிருக்காது.

கோர்ட்டுக்கு ஒரு வேகம் உண்டு, மாதக் கடைசிக்கு ஒரு வேகம் உண்டு. மனுவைப் பதிவுசெய்து எண் கொடுப்பதற்குள்ளேயே மாதம் தேய்ந்துவிட்டது. மெக்கானிக்கின் சொந்தச் சேமிப்பு முழுக்க ஸ்கேனிலும் மருந்திலும் கரைந்திருந்தது. குடியிருந்தது வாடகை வீடு. தங்கை தன் வளையலைக் கழற்றினாள். ஆடிட்டர் தன் பணத்தைக் கொண்டுவந்து, உறையில் வைத்துக் கொடுத்தால் கடன் போல் இருக்கும் என்றோ என்னவோ, செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். எல்லாவற்றையும் சேர்த்தால் பாதியைச் சற்றே தாண்டியது. பொறுப்பாளரம்மா தன் நிர்வாகக் குழுவிடம் அழாத குறையாகக் கேட்டுப் பார்த்தார். வரிசையில் காத்திருக்கும் வீடுகளுக்கும் இதே மாதிரி ஓர் அப்பாவோ அம்மாவோ இருக்கிறார்களே என்றார்கள். அதுவும் நியாயம்தான். இந்த விஷயத்தில் எங்கு போய் முட்டினாலும் நியாயமாகத்தான் இருந்தது.

மாதம் பிறந்ததும் பொறுப்பாளரம்மா போனில் கூப்பிட்டார். "அந்தக் கட்டிலுக்கு ஒரு பொண்ணு வந்துட்டா. பாப்பா பேரைத் திரும்ப வரிசையில எழுதியிருக்கேன். பணம் வந்ததும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. எப்போ எடம் வரும்னு மட்டும் என்னால..."

"பரவால்லம்மா. மணி இப்போ யாரு அடிக்கிறாங்க?"

"நானே அடிக்கிறேன்" என்றார் அவர்.

ஆக, மிச்சம் இருந்தது தங்கையின் வீடு. கூடம் ஒன்று, அறை ஒன்று. அறையில் படுத்த படுக்கையாக அவள் மாமியார். கூடத்தில் அவளும் கணவனும். "சுவரோரம் ஒரு பாய் விரிக்க எடம் இருக்கு, போதும்" என்றாள். "நான் பகல்ல வேலைக்குப் போனா கிழவியைப் பாப்பா பாத்துக்கட்டும், பாப்பாவைக் கிழவி பாத்துக்கட்டும். ரெண்டு பேருக்கும் ஒரே புத்திதான்." சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். பணம் கைக்கு வந்து, இல்லத்தில் மறுபடி ஒரு கட்டில் காலியாகும்வரை அப்படித்தான். அதற்கும் கோர்ட் உத்தரவு வேண்டும்.

விசாரணை அன்று மெக்கானிக் ஆடிட்டரின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். நீதிபதி சின்ன அறைக்குள் பாப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசினார். காப்பாளராக வருபவரோடு இந்தப் பெண் பழகியிருக்கிறாளா என்று அவர் நேரில் பார்க்க வேண்டுமாம். பணத்தை வைத்திருக்கும் பிள்ளைகளைத் தேடி எங்கிருந்தெல்லாமோ உறவு முளைக்கும் என்பது அவர் அனுபவம்.

"உங்களை யாரும்மா பாத்துக்கறாங்க?"

"அப்பா."

"அப்பா வெளியூர் போயிட்டா?"

பாப்பா திரும்பிப் பார்த்தாள். அப்பா வாசலருகே நாற்காலியில்தான் இருந்தார். இவருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்பது போலச் சிரித்து, விரலை நீட்டினாள். "அப்பா இங்க!"

தங்கை பாப்பாவைக் கொஞ்சிக் கூப்பிட்டாள். புது இடம், நீதிபதி புது முகம். பாப்பா அப்பாவிடமே ஓடிவிட்டாள். நீதிபதி அடுத்த தேதி கொடுத்தார்.

"கெட்ட மனுஷர் இல்ல" என்றார் வக்கீல், வராந்தாவில். "அடுத்த தடவை பாப்பா வாயிலயே அத்தைன்னு வந்துட்டா முடிஞ்சுது. கொஞ்சம் பழக்கிக் கூட்டிட்டு வாங்க."

மெக்கானிக் பழக்க ஆரம்பித்தார்.

பாப்பாவுக்கு எதையும் சொல்லிக்கொடுக்க அவருக்கு ஒரு முறை இருந்தது. ஒரே கேள்வி, ஒரே குரல், சரியாகச் சொன்னால் கைதட்டல். பல் தேய்க்க, செருப்பு மாட்ட, சூடான பாத்திரத்தைத் தொடாமல் இருக்க, எல்லாம் இப்படித்தான் வந்தது. கைதட்டல் என்றால் பாப்பாவுக்கு உயிர்.

"பாப்பாவை யாரு பாத்துக்குவாங்க?"

"அப்பா."

கைதட்டல் இல்லை. தலையை மட்டும் ஆட்டினார். அவர் காதில் தப்பாக விழுந்துவிட்டதோ என்று பாப்பா உரக்கச் சொன்னாள். "அப்பா!"

"இல்லடா. அத்தை. சொல்லு."

"அப்பா." இந்த முறை அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

காலையில் கேட்டார். மருந்து போட்டுக்கொண்டு கேட்டார். சலவைக்கூடத்து வேலை முடிந்து தங்கை வரும்போதெல்லாம், பாப்பாவுக்குச் சோறு ஊட்டுவதை அவளிடம் கொடுத்துவிட்டுத் தான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பாப்பா கூப்பிட்டால் தூங்குவதுபோல் இருந்தார். "என்னண்ணா இது, கொடுமை பண்ற" என்றாள் தங்கை. "அவளுக்கு மட்டுமா பண்றேன்?" என்றார் அவர், திரும்பாமல்.

சில நாள் பாப்பா பதிலே சொல்லாமல் உம்மென்று இருந்தாள். ஒருநாள் அழுதாள். இன்னொரு நாள், எப்படியாவது அந்தக் கைதட்டலை வாங்கிவிட வேண்டும் என்று தனக்குத் தெரிந்த சொல்லையெல்லாம் வரிசையாகச் சொல்லிப் பார்த்தாள். பிஸ்கட், மணி, பூனை, அம்மா. அம்மா என்றபோது மெக்கானிக் எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார்.

தேதிக்கு முந்தின வாரம். இப்போது அவரால் உட்காரக் கஷ்டமாக இருந்தது. தலையணையைச் சாய்த்துவைத்துக்கொண்டு கேட்டார். பழக்கத்தில் கேட்டார், அவ்வளவுதான்.

"பாப்பாவை யாரு பாத்துக்குவாங்க?"

பாப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பக்கூட இல்லை.

"அத்தை."

மெக்கானிக் கையைத் தூக்கினார். கை பாதியிலேயே நின்றது. பாப்பா இப்போது திரும்பிப் பார்த்தாள். சரியாகச் சொன்னதற்கு வரவேண்டியது வரவில்லையே என்று பார்த்தாள். அவர் கைதட்டினார். அவள் முகம் மலர்ந்தது. இன்னும் பலமாகத் தட்டினார்.

சாயங்காலம் தங்கை வந்தாள். பாப்பாவுக்குத் தலை வாரும் நேரம். தினமும் சீப்பை எடுத்துக்கொண்டு அப்பா மடியில் வந்து விழுவாள். இன்று சீப்பை எடுத்தாள். கட்டிலைத் தாண்டிப் போனாள். கூடத்தில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவளுக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

தங்கை சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தாள்.

"வாரு" என்றார் மெக்கானிக். "வலிக்காம வாரு. பின்பக்கம் சிக்கு இருக்கும்."